கணினிக் கேள்வி பதில்: டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸை நாமே கம்பைல் செய்வோம்

போன இதழில் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் பற்றிச் சுருக்கமாக ஒரு பதில் எழுதியிருந்தேன். ஒரே சி++ நிரலை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஜன்னலும் பொத்தானுமாக ஓட வைக்கிற இலவச லைப்ரரி (நம் நிரல் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பு) அது. வேண்டுமானால் மூலநிரலை, அதாவது மனிதர் எழுதிய சி++ வரிகளை, இறக்கி நாமே கம்பைல் செய்து, கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி முடித்திருந்தேன். இதைத்தான் கீழே கட்டுவது என்கிறேன். அந்தக் கடைசிப் பகுதியில்தான் பலர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது. அதனால் இந்த மாதம் முழுக்க அந்த ஒரே விஷயம்தான்.

நான் சங்ககிரியில் லாரி எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன். மேடைக் கூண்டில் இருப்பது பழைய விண்டோஸ் 7 கணினி. முதலாளியின் அலுவலகத்தில் இருப்பது லினக்ஸ். எடைக் கருவி சீரியல் போர்ட்டில் அனுப்பும் எண்ணைப் படித்துச் சீட்டு அடிக்கிற அதே நிரல் இரண்டு இடத்திலும் ஓட வேண்டும். அதனால் இந்த லைப்ரரியைக் கட்டுவது எனக்கு அன்றாட வேலை.

திருநெல்வேலி, பொறியியல் கல்லூரி மாணவி: உபுண்டு லினக்ஸில் ஒரே கட்டளையில் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் (சுருக்கமாக டபிள்யூஎக்ஸ்) வந்துவிடுகிறது. பிறகு எதற்கு சார் மூலநிரலை இறக்கிக் கஷ்டப்பட வேண்டும்?

கஷ்டப்பட வேண்டாம். கல்லூரி ப்ராஜெக்டுக்கு உபுண்டு தரும் தொகுப்பே தாராளம். டெபியன் 12, உபுண்டு 24.04 என்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் லைப்ரரியின் 3.2 வரிசை இருக்கிறது. லிப்டபிள்யூஎக்ஸ்ஜிடிகே3.2-டெவ் என்ற தொகுப்பை நிறுவி இன்றே நிரல் எழுத ஆரம்பியுங்கள்.

மூலத்திலிருந்து கட்ட வேண்டிய தேவை சிலருக்கு வரும். உபுண்டு 22.04 வைத்திருப்பவருக்குக் களஞ்சியத்தில் கிடைப்பது 3.0 வரிசை. அது 2013இல் வெளிவந்தது, 3.2 வந்தது 2022இல். நடுவில் நிறைய மாறிவிட்டது. குறிப்பாக, விண்டோஸில் அதிகத் தெளிவுத்திறன் உள்ள திரைகளில் எழுத்தும் படமும் சரியான அளவில் வருவதற்கு 3.2 வேண்டும். வரிசை எண்ணில் இரண்டாவது இலக்கம் இரட்டைப்படை என்றால் நிலையான பதிப்பு, 3.1, 3.3 போல ஒற்றைப்படை என்றால் வளர்ச்சிப் பதிப்பு. முதன்முறை கட்டுகிறவர்கள் இரட்டைப்படையோடு இருங்கள்.

நான் கட்டுவதற்குக் காரணம் வேறு. எடைமேடைக் கூண்டில் இணையம் கிடையாது. அங்கே போய் எதையும் நிறுவிக்கொண்டிருக்க முடியாது. வெளியே லாரி வரிசை கட்டி நிற்கும். ஓட்டுநர்கள் ஹாரன் அடிப்பார்கள். பென் டிரைவில் ஒரே ஓர் இஎக்ஸ்இ கோப்பைக் கொண்டுபோய் வைத்தால் அது ஓட வேண்டும். அதற்கு லைப்ரரியை ஸ்டேடிக் முறையில், அதாவது நம் நிரலுக்குள்ளேயே அடங்கிவிடுகிற மாதிரி கட்டியாக வேண்டும். அந்தக் கூண்டுக் கணினிகள் பல 32 பிட். ஆகவே 32 பிட் கம்பைலரால் கட்ட வேண்டும். இந்த இரண்டையும் நான் விரும்புகிறபடி யாரும் தயாராகக் கட்டித் தரமாட்டார்கள்.

லினக்ஸில் ஸ்டேடிக்காகக் கட்டினாலும் ஜிடிகே (அங்கே ஜன்னல், பொத்தான்களை வரையும் லைப்ரரி) வெளியேதான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். டபிள்யூஎக்ஸ் தானாகப் பொத்தான் வரைவதில்லை. விண்டோஸில் விண்டோஸின் பொத்தான், லினக்ஸில் ஜிடிகேயின் பொத்தான், மேக்கில் கோக்கோவின் பொத்தான் என்று அந்தந்த இயங்குதளத்தின் சொந்தச் சரக்கையே கூப்பிடுகிறது. எனக்கு இந்த லைப்ரரி பிடித்ததற்கு முதல் காரணமே இதுதான். கூண்டில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு அவர் பழகிய விண்டோஸ் பெட்டிகளேதான் கண்ணில் படும்.

சேலம், பாலிடெக்னிக் ஆசிரியர்: கட்டுவதற்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டினால் ஜிடிகேயின் டெவலப்மென்ட் கோப்புகள் கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. ஆனால் என் கணினியில் ஜிடிகே மென்பொருள்கள் எல்லாம் நன்றாக ஓடுகின்றனவே?

ஓடுவதற்குத் தேவையான ஜிடிகே வேறு, அதை வைத்துக் கம்பைல் செய்யத் தேவையான ஜிடிகே வேறு. முதலாவதில் லைப்ரரி கோப்பு மட்டும் இருக்கும். இரண்டாவதில் ஹெடர் கோப்புகளும் (லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று கம்பைலருக்குச் சொல்பவை), "ஹெடர் எங்கே இருக்கிறது, லைப்ரரி எங்கே இருக்கிறது" என்று சொல்லும், .pc என்று முடியும் சிறு பிசி கோப்பும் இருக்கும். கான்ஃபிகர் தேடுவது இந்தப் பிசி கோப்பைத்தான். பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவி வழியாகத் தேடுகிறது. டெபியன் குடும்பத்தில் பில்ட்-எசென்ஷியல், லிப்ஜிடிகே-3-டெவ் இரண்டையும் நிறுவுங்கள். ஃபெடோராவில் பெயர் ஜிடிகே3-டெவல் என்று முடியும்.

கான்ஃபிகர் எங்கே நின்றாலும் முதலில் பார்க்க வேண்டியது அதே கோப்புறையில் உருவாகியிருக்கும் கான்ஃபிக்.லாக் கோப்பு. ஒவ்வொரு சோதனைக்கும் எந்தக் கட்டளை ஓடியது, கம்பைலர் என்ன பதில் சொன்னது என்று முழுக்க அதில் எழுதியிருக்கும். உங்கள் மாணவர்களுக்கு இந்தக் கோப்பைத் திறந்து படிக்கக் கற்றுக்கொடுங்கள் ஐயா. திரையில் வரும் ஒற்றை வரியை மட்டும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தடுமாறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கான்ஃபிகர் வெற்றிகரமாக முடிந்த பிறகும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஜிடிகே இல்லையென்றால் கான்ஃபிகர் நின்றுவிடும். ஆனால் ஜிஸ்ட்ரீமர் இல்லை, வெப்கிட் இல்லை என்றால் நிற்காது. ஒரு எச்சரிக்கையை எழுதிவிட்டு அந்த வசதியை மட்டும் விட்டுவிட்டு மேலே போய்விடும். பிறகு ஒருநாள் வீடியோ ஓட்டும் மீடியா கன்ட்ரோலையோ இணையப் பக்கம் காட்டும் வெப்வியூவையோ உங்கள் நிரலில் சேர்க்கும்போது அப்படி ஒரு கிளாஸே இல்லை என்று கம்பைலர் சொல்லும். அதனால் கான்ஃபிகர் முடிந்ததும் கடைசியில் வரும் சுருக்கத்தை நிதானமாகப் படியுங்கள். எந்த ஜிடிகே, ஷேர்டா (நிரலுக்கு வெளியே தனிக் கோப்பாக இருப்பது) ஸ்டேடிக்கா, ஒரே லைப்ரரியாகவா பிரித்தா, ஜேபெக், பிஎன்ஜி போன்றவை கணினியில் ஏற்கெனவே இருப்பவையா கூடவே வந்தவையா என்று வரிசையாக இருக்கும். பிடிக்காத வரி ஒன்று இருந்தாலும் கட்டும் வேலையைத் தொடங்குகிற மேக் (make) கட்டளையை ஓட்டாதீர்கள். தேவையான தொகுப்பை நிறுவி மறுபடி கான்ஃபிகர் செய்யுங்கள்.

கான்ஃபிகரை மூலநிரல் கோப்புறைக்குள்ளேயே ஓட்டாதீர்கள். உள்ளே பில்ட்ஜிடிகே என்று தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதற்குள் போய், ஒரு படி மேலே இருக்கும் கான்ஃபிகரைக் கூப்பிடுங்கள். பிழைதிருத்தத்துக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று, ஸ்டேடிக்குக்கு ஒன்று என்று ஒரே மூலநிரலிலிருந்து எத்தனை கோப்புறை வேண்டுமானாலும் கட்டலாம். ஏதாவது கெட்டுப்போனால் அந்தக் கோப்புறையை மட்டும் அழித்தால் போதும்.

ஈரோடு வாசகர்: மூலநிரல்கள் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் பச்சைப் பொத்தானை அழுத்தி ஜிப் கோப்பாக இறக்கினேன். விண்டோஸில் கட்டினால் பிஎன்ஜி, ஸீலிப் கோப்புகள் இல்லை என்கிறது.

அந்த ஜிப்பில் அவை இல்லைதான். டபிள்யூஎக்ஸ் தனக்கு வேண்டிய பிற லைப்ரரிகளைக் கிட் என்ற மூலநிரல் மேலாண்மைக் கருவியின் சப்மாட்யூலாக, அதாவது வேறு களஞ்சியத்துக்கான இணைப்பாக, வைத்திருக்கிறது. ஸீலிப், பிஎன்ஜி, ஜேபெக், டிஃப், எக்ஸ்பாட், பிசிஆர்இ எல்லாம் அப்படித்தான். கிட்ஹப் தானாகச் சுற்றித் தரும் ஜிப்பில் சப்மாட்யூல் கோப்புறைகள் காலியாக இருக்கும். வெளியீட்டுப் பக்கத்தில் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ்-3.2 என்று தொடங்கும் ஜிப் அல்லது டார் கோப்பு தனியாக இருக்கும், அதை இறக்குங்கள். கிட் வழியாகத்தான் வேண்டும் என்றால் குளோன் செய்யும்போது சப்மாட்யூலையும் சேர்த்து எடுக்கும் விருப்பத்தைக் கொடுங்கள். ஏற்கெனவே குளோன் செய்துவிட்டவர்களுக்கு சப்மாட்யூல் அப்டேட் கட்டளையை இனிட் விருப்பத்தோடு ஓட்டினால் போதும்.

நாமக்கல், கோழித்தீவன ஆலைக் கணக்காளர்: மேக், மேக் இன்ஸ்டால் எல்லாம் பிழையில்லாமல் முடிந்தது. என் நிரலும் கம்பைல் ஆனது. ஓட்டினால் மட்டும் லிப்டபிள்யூஎக்ஸ் என்று தொடங்கும் கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது. கோப்பு யூஎஸ்ஆர் லோக்கலில் கண்ணெதிரே இருக்கிறது!

கணக்கு எழுதிக்கொண்டே சி++ கற்கிறீர்கள் என்று கடிதத்தில் படித்தேன், மிகவும் சந்தோஷம். நீங்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். ஒரு கட்டளை பாக்கி.

நிரல் தொடங்கும்போது ஷேர்ட் லைப்ரரிகளைத் தேடிக் கொடுப்பது லினக்ஸின் லோடர். அது ஒவ்வொரு முறையும் கோப்புறை கோப்புறையாகத் தேடுவதில்லை. முன்பே தயாரித்து வைத்த ஒரு பட்டியலைப் பார்க்கிறது. நீங்கள் புதிதாக வைத்த கோப்பு அந்தப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. சூடோவோடு எல்டிகான்ஃபிக் என்று ஒருமுறை கொடுங்கள், பட்டியல் புதுப்பிக்கப்பட்டுவிடும். ப்ரீஃபிக்ஸ் விருப்பம் கொடுத்து உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் நிறுவியிருந்தால் எல்டிகான்ஃபிக் அங்கே பார்க்காது. அப்போது எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறியில் அந்த இடத்தைச் சொல்லலாம், அல்லது லிங்க் செய்யும்போதே (நிரலையும் லைப்ரரியையும் இணைக்கும்போதே) அந்த இடத்தை ஆர்பாத்தாக நிரலுக்குள் பதித்துவிடலாம். நான் பதித்துவிடுவேன். வேறொருவர் கணினியில் சூழல் மாறியை நம்பி நிரலை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வராது.

கட்ட மிக நேரமாகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மேக் கட்டளைக்கு ஜே விருப்பத்தோடு உங்கள் ப்ராசஸரின் கோர் எண்ணிக்கையைக் கொடுங்கள், ஜே4 என்பது போல. நினைவகம் குறைவான கணினியில் எண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் பல சி++ கோப்புகள் கம்பைல் ஆகும்போது நினைவகம் தீர்ந்துபோனால் கம்பைலரையே இயங்குதளம் நிறுத்திவிடும். அந்தப் பிழைச்செய்தியைப் பார்த்தால் காரணம் அதுதான் என்று தோன்றாது.

தஞ்சாவூர் மாணவர்: வரையறுக்கப்படாத குறிப்பு, அண்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ் என்று நூற்றுக்கணக்கில் பிழை வருகிறது. கம்பைல், லிங்க் விருப்பங்களைத் தரும் டபிள்யூஎக்ஸ்-கான்ஃபிக்கும் கொடுத்துத்தான் இருக்கிறேன்.

கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கோப்பின் பெயருக்கு முன்னால் கொடுத்திருக்கிறீர்கள். லிங்க்கர் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகிறது. லைப்ரரியைப் படிக்கும்போது அதுவரை யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை என்றால், எதுவும் தேவையில்லை என்று விட்டுவிடும். பிறகு உங்கள் கோப்பு வந்து கேட்கும்போது கொடுக்க ஆளிருக்காது. ஜி++, பிறகு உங்கள் நிரல் கோப்பு, அதற்கும் பிறகு டபிள்யூஎக்ஸ்-கான்ஃபிக் தரும் லிப்ஸ். இந்த வரிசையில் எழுதுங்கள்.

சில குறிப்புகள் மட்டும் கிடைக்கவில்லை என்றால் வேறு விஷயம். டபிள்யூஎக்ஸ்-கான்ஃபிக் சாதாரணமாக முக்கியமான சில லைப்ரரிகளைத்தான் தரும். ஓப்பன்ஜிஎல் பலகை, எழுத்துத் திருத்தும் எஸ்டிசி போன்றவை வேண்டுமென்றால் ஜிஎல், எஸ்டிசி என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கோயம்புத்தூர், பம்பு தொழிற்சாலை ஊழியர்: விண்டோஸில் நிரல் எழுதும் கோட்பிளாக்ஸும், ஜிசிசி கம்பைலரின் விண்டோஸ் வடிவமான மிங்டபிள்யூவும் வைத்திருக்கிறேன். டபிள்யூஎக்ஸ் கோப்புறைக்குள் செட்டப்.எச் கோப்பு இல்லை என்கிறது. இணையத்திலிருந்து ஒரு செட்டப்.எச் எடுத்து வைத்தேன், இப்போது வேறு பிழைகள் வருகின்றன.

அந்தக் கோப்பை முதலில் அழித்துவிடுங்கள். இந்த லைப்ரரியைக் கட்டுவதில் புரிந்துகொள்ள வேண்டிய மையமான விஷயம் உங்கள் கேள்வியில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

செட்டப்.எச் என்பது தையற்காரர் எழுதி வைக்கும் அளவுச் சீட்டு மாதிரி. எந்த வசதி உண்டு, எது இல்லை என்று அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் லைப்ரரி தைக்கப்படுகிறது. உங்கள் நிரலும் அதே சீட்டைப் பார்த்துத்தான் கம்பைல் ஆக வேண்டும். வேறொருவர் சீட்டை வைத்தால் நிரல் ஒரு அளவையும் லைப்ரரி ஒரு அளவையும் நினைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்தக் கோப்பை மற்ற ஹெடர்களோடு வைக்காமல், கட்டும்போதே அந்தந்தக் கட்டுமானத்துக்கென்று தனியாக உருவாக்குகிறார்கள்.

விண்டோஸில் அது எங்கே இருக்கும் என்று பாருங்கள். லிப் கோப்புறைக்குள், ஸ்டேடிக் என்றால் ஜிசிசி_லிப், டிஎல்எல் (விண்டோஸின் ஷேர்ட் லைப்ரரி) என்றால் ஜிசிசி_டிஎல்எல் என்று ஒரு கோப்புறை. அதற்குள் எம்எஸ்டபிள்யூயூ அல்லது எம்எஸ்டபிள்யூயூடி. கடைசியில் வரும் டி பிழைதிருத்தப் பதிப்பைக் குறிக்கிறது, அதற்கு முந்தைய யூ யூனிகோடை. அதற்குள்தான் செட்டப்.எச் இருக்கிறது. உங்கள் ப்ராஜெக்டின் இன்க்ளூட் பாதையில் இந்தக் கோப்புறையும் இருக்க வேண்டும், மூலநிரலின் பொதுவான இன்க்ளூட் கோப்புறையும் இருக்க வேண்டும். பெரும்பாலோர் இரண்டாவதை மட்டும் கொடுக்கிறார்கள்.

உங்களுக்கு அந்தக் கோப்புறையே இல்லையென்றால் லைப்ரரி இன்னும் கட்டப்படவில்லை என்று அர்த்தம். மூலநிரலை சி டிரைவில் டபிள்யூஎக்ஸ் என்று குட்டிப் பெயரில், இடைவெளி இல்லாத பாதையில் விரியுங்கள். கமாண்ட் ப்ராம்ப்டில் பில்ட் கோப்புறைக்குள் இருக்கும் எம்எஸ்டபிள்யூவுக்குப் போய், மிங்டபிள்யூ32-மேக் கட்டளையை மேக்ஃபைல்.ஜிசிசி கோப்போடு ஓட்டுங்கள். பில்ட் என்பதற்கு ரிலீஸ் என்றும், ஷேர்ட் என்பதற்கு ஸ்டேடிக்கானால் 0, டிஎல்எல் ஆனால் 1 என்றும் கொடுங்கள். பில்ட் சொல்லாமல் விட்டால் அது டீபக் என்றே எடுத்துக்கொள்ளும். ரிலீஸ் கட்டியதாக நினைத்துக்கொண்டு கோட்பிளாக்ஸில் ரிலீஸைத் தேர்ந்தெடுத்து, டி இல்லாத கோப்பைத் தேடி அலைகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கோட்பிளாக்ஸ் இரண்டு வகையையும் உருவாக்கித் தருவதால், இரண்டையும் கட்டி வைத்துக்கொள்வது நல்லது.

கோட்பிளாக்ஸின் விஸார்ட் டிஎல்எல்லா, மோனோலித்திக்கா (எல்லாம் ஒரே லைப்ரரியாகவா), யூனிகோடா என்று கேட்கும். அங்கே விருப்பம்போலக் குறியிடக் கூடாது. நீங்கள் கட்டியதற்கு என்ன பதிலோ அதுதான் அங்கேயும். மோனோலித்திக் என்று சொல்லாமல் கட்டியிருந்தால் அந்தப் பெட்டியில் குறி இருக்கக் கூடாது. கோட்பிளாக்ஸும் டபிள்யூஎக்ஸ் மீது எழுதப்பட்ட மென்பொருள்தான். கிகேட், ஆடாசிட்டி, ஃபைல்ஸில்லா எல்லாம் அப்படியே.

கம்பைலருக்கும் இதே விதிதான். பொதுவாக சி++ லைப்ரரியை ஒரு கம்பைலரில் கட்டி வேறொன்றில் பயன்படுத்த முடியாது. விஷுவல் ஸ்டுடியோவில் கட்டியது மிங்டபிள்யூவுக்கு உதவாது. மிங்டபிள்யூவுக்குள்ளேயே எக்ஸப்ஷன் கையாளும் முறையைப் பொறுத்து எஸ்ஜேஎல்ஜே, டுவார்ஃப், எஸ்இஎச் என்று வகைகள் உண்டு, அவையும் ஒன்றோடொன்று சேராது. கணினியில் கோட்பிளாக்ஸோடு வந்தது ஒன்று, எம்எஸ்ஒய்எஸ்2இல் வந்தது ஒன்று என்று இரண்டு ஜிசிசி இருந்தால் கமாண்ட் ப்ராம்ப்ட் எதைக் கூப்பிடுகிறது என்று பாருங்கள். ஜிசிசியின் வெர்ஷனைக் கேட்டு, கோட்பிளாக்ஸ் அமைப்பில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

கட்டிய நிரலை வேறு கணினிக்குக் கொண்டுபோகும்போது லிப்ஸ்டிடிசி++ போன்ற மிங்டபிள்யூவின் சொந்த டிஎல்எல்களைக் கேட்கும். டபிள்யூஎக்ஸை ஸ்டேடிக்காகக் கட்டினால் மட்டும் அவை உள்ளே வராது. லிங்க்கருக்கு ஸ்டேடிக் என்ற விருப்பத்தையும் கொடுங்கள். என் எடைமேடை இஎக்ஸ்இ கூண்டுக் கணினியில் தனியாக ஓடுவது இந்த விருப்பத்தால்தான்.

விஷுவல் ஸ்டுடியோ 2022 வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. அதே எம்எஸ்டபிள்யூ கோப்புறையில் டபிள்யூஎக்ஸ்_விசி17 என்ற சொல்யூஷன் கோப்பைத் திறந்து, ரிலீஸும் எக்ஸ்64ம் தேர்ந்தெடுத்து பில்ட் அழுத்துங்கள்.

திருச்சி வாசகர்: நிரல் தொடங்கியதுமே, நிரலும் லைப்ரரியும் கட்டிய விதம் பொருந்தவில்லை என்று சொல்லிச் செத்துவிடுகிறது.

மேலே சொன்ன பொருத்தத்தை லைப்ரரி தானாகவே சோதித்துப் பார்க்கிறது. அந்தச் செய்தியில் இரண்டு அடைப்புக்குறிகள் இருக்கும், ஒன்றில் லைப்ரரியின் விவரம், மற்றதில் நிரலின் விவரம். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எங்கே வேறுபடுகிறது என்று உடனே தெரிந்துவிடும். சி++ ஏபிஐ (ABI) எண் வேறுபட்டால் கம்பைலர் மாறியிருக்கிறது. எஸ்டிஎல் கன்டெய்னர் என்ற இடத்தில் வேறுபட்டால் கான்ஃபிகர் விருப்பம் மாறியிருக்கிறது. கணினியில் உபுண்டு கொடுத்தது ஒன்று, நீங்கள் கட்டியது ஒன்று என்று இரண்டு டபிள்யூஎக்ஸ் இருந்தால் டபிள்யூஎக்ஸ்-கான்ஃபிக்கிடம் லிஸ்ட் கேளுங்கள். மேக்ஃபைலில் அதன் முழுப் பாதையை எழுதிவிடுங்கள்.

மதுரை, தமிழாசிரியை: மாணவர்களுக்காகக் குறள் பயிற்சி நிரல் எழுதுகிறேன். லினக்ஸில் தமிழ் அழகாக வருகிறது. விண்டோஸில் கட்டினால் ஏதோ ஐரோப்பிய எழுத்துக் குப்பையாக வருகிறது.

அம்மா, உங்கள் நிரலை நான் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறேன், முடிந்ததும் அனுப்புங்கள்.

லைப்ரரியில் குறையில்லை. சாதாரண மேற்கோளுக்குள் எழுதிய சரத்தை டபிள்யூஎக்ஸ் அந்தக் கணினியின் நடப்புக் குறியாக்கத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் அது யூடிஎஃப்-8. உங்கள் கோப்பும் யூடிஎஃப்-8. அதனால் சரியாக வருகிறது. விண்டோஸில் அது பெரும்பாலும் 1252 என்ற மேற்கத்தியப் பட்டியல். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகக் காட்டுகிறது. டபிள்யூஎக்ஸ்ஸ்ட்ரிங்கின் ஃப்ரம்யூடிஎஃப்8 வழியாகச் சரத்தைக் கொடுங்கள். எல் என்ற முன்னொட்டுப் போட்ட அகலச் சரமாகவும் எழுதலாம். ஆனால் விஷுவல் சி++ என்றால் கோப்பு யூடிஎஃப்-8 என்று கம்பைலருக்கும் ஒரு விருப்பம் கொடுத்துச் சொல்ல வேண்டும்.

நீண்ட காலத்துக்குச் சிறந்த வழி, திரையில் வரும் வாசகங்களை நிரலுக்கு வெளியே கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையின் பிஓ கோப்பில் வைப்பது. அதிலிருந்து உருவாக்கும் எம்ஓ கோப்பை டபிள்யூஎக்ஸுக்குப் படிக்கத் தெரியும். பிஓ கோப்பைத் திருத்தும் போஎடிட் மென்பொருளும் டபிள்யூஎக்ஸில் எழுதியதுதான். தமிழ் மாணவர்களே அந்தக் கோப்பைத் திருத்தலாம், சி++ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எழுத்து குப்பையாக இல்லாமல் வெறும் கட்டங்களாக வந்தால் அது எழுத்துரு இல்லாத குறை. விண்டோஸ் 8க்குப் பிறகு நிர்மலா யூஐ இருக்கிறது, 7இல் லதா. லினக்ஸில் லோஹித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவுங்கள்.

சென்னை, வடிவமைப்பாளர்: மேக்கில்?

எக்ஸ்கோடின் கமாண்ட் லைன் டூல்ஸ் இருந்தால் போதும். லினக்ஸில் சொன்ன அதே வழிதான், தனிக் கோப்புறை, கான்ஃபிகர், மேக் (make) கட்டளை. ஜிடிகே தேவையில்லை. பழைய இன்டெல் மேக்கிலும் புதிய ஆப்பிள் சிலிக்கானிலும் ஓட வேண்டுமானால் யூனிவர்சல் பைனரி விருப்பத்தில் இரண்டு கட்டமைப்புகளின் பெயரையும் கொடுங்கள்.

கரூர் வாசகர்: பழைய புத்தகக் கடையில் டபிள்யூஎக்ஸ்விண்டோஸ் என்று ஒரு கையேடு கிடைத்தது. இது வேறா?

இதேதான். 1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கியபோது வைத்த பெயர் அது. மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டதால் 2004இல் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் ஆனது. அந்தக் கையேட்டின் கருத்துகள் பயன்படும், கட்டும் முறை பயன்படாது.

விழுப்புரம் மாணவர்: பைத்தானில் பிப் என்ற நிறுவும் கருவி வழியாக டபிள்யூஎக்ஸ்பைத்தான் (டபிள்யூஎக்ஸின் பைத்தான் வடிவம்) நிறுவினால் மணிக்கணக்கில் ஓடிவிட்டுப் பிழையோடு முடிகிறது.

உங்களுக்குத் தெரியாமலே நீங்கள் இந்த லைப்ரரி முழுவதையும் மூலத்திலிருந்து கம்பைல் செய்துகொண்டிருக்கிறீர்கள். பிப் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் விண்டோஸுக்கும் மேக்குக்கும் தயாரான வீல் கோப்பு (முன்பே கம்பைல் செய்த தொகுப்பு) உண்டு, லினக்ஸுக்குக் கிடையாது. லினக்ஸ் வகைகளுக்குள் ஜிடிகேயும் மற்றவையும் வேறுபடுவதால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றைக் கட்டித் தருவது கடினம். அதனால் பிப் மூலநிரலை இறக்கிக் கட்டத் தொடங்கிவிடுகிறது. டபிள்யூஎக்ஸ்பைத்தானின் சொந்தத் தளத்தில் உபுண்டு பதிப்புவாரியாக வீல் கோப்புகள் வைத்திருக்கிறார்கள், பிப்புக்கு அந்த இடத்தைக் காட்டுங்கள். அதைவிட எளிது உபுண்டுவின் பைத்தான்3-டபிள்யூஎக்ஸ்ஜிடிகே4.0 தொகுப்பு.

ஓசூர், சிறுதொழில் முனைவோர்: இதில் எழுதிய மென்பொருளை மூலநிரல் கொடுக்காமல் விற்கலாமா?

விற்கலாம். எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தோடு ஒரு விலக்கைச் சேர்த்தது இதன் உரிமம். கம்பைல் செய்த நிரலை உங்கள் சொந்த நிபந்தனைகளில், ஸ்டேடிக்காகச் சேர்த்திருந்தாலும், விநியோகிக்க அந்த விலக்கு இடம் கொடுக்கிறது. லைப்ரரியையே திருத்தி அதன் மூலநிரலை வெளியிட்டால் அது அதே உரிமத்தில் இருக்க வேண்டும். நான் பல ஆண்டுகளாக இதில்தான் தொழில் செய்கிறேன்.

தர்மபுரி மாணவர்: கட்டியது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேண்டாம் என்றால் எப்படி நீக்குவது?

உங்கள் நிரலை முதலில் எடுக்காதீர்கள். பில்ட்ஜிடிகே கோப்புறைக்குள் சாம்பிள்ஸ், அதற்குள் மினிமல் என்ற கோப்புறை இருக்கும். அங்கே போய் மேக் கொடுத்து ஓட்டுங்கள். மெனுவும் காலி ஜன்னலும் வந்தால் லைப்ரரி சரி. இனி வரும் பிழை உங்கள் நிரலிலோ உங்கள் கம்பைல் கட்டளையிலோதான் என்று தெரிந்துகொண்டு தேடலாம். பிறகு விட்ஜெட்ஸ் என்ற சாம்பிளையும் கட்டிப் பாருங்கள். பொத்தான், பட்டியல் போன்ற பெரும்பாலான கட்டுப்பாடுகள் அதில் இருக்கின்றன. எதை எப்படி எழுதுவது என்று அந்த மூலநிரலைப் படித்தே பாதி கற்றுக்கொள்ளலாம்.

நீக்க, அதே பில்ட் கோப்புறையில் மேக் அன்இன்ஸ்டால். இடம் அடைக்கிறது என்று அந்தக் கோப்புறையை முன்பே அழித்துவிட்டால், அதே பதிப்பை அதே விருப்பங்களோடு மறுபடி கான்ஃபிகர் செய்துதான் நீக்க முடியும். அதனால் கான்ஃபிகருக்குக் கொடுத்த முழு வரியையும் ஒரு உரைக்கோப்பில் எழுதி, மூலநிரலின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.